முப்பது, பிறகு ஒன்று

ஏலத்தில் எடுத்த ஆம்புலன்ஸ்.
சைரனைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் என் மெத்தை,
குளுக்கோஸ் தொங்கிய கம்பியில்
ஒரு சீப்பு பூவன்பழம்.
பெயிண்ட் அடித்து ஆறு மாதமாகியும்
எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.
நானும் ஏதோ அவசரம் இருப்பதுபோல்
முகத்தை வைத்துக்கொள்வேன்.

தொண்டியில் கிளம்பும்போது மூன்று வண்டிகள்.
ஜெய்லானி அண்ணனும் பௌசியாவும்
அடுப்பு பொருத்திய பழைய டெம்போவில்:
தம்மாமில் இருபத்திரண்டு வருடம்
டிரெய்லர் ஓட்டியவர்,
ஊர் திரும்பியபின்
சுவருக்குள் தூக்கம் வராதவர்.
டாடா ஏஸில் தார்ப்பாய்க் கூடாரம் கட்டி
ரோஸ்லினும் அவள் தம்பி அந்தோணிக்கண்ணும்.
அவள் நர்ஸாக இருந்தவள்.
ஏன் இப்போது இல்லை என்று கேட்டால்
"விட்டாச்சு" என்பாள்,
பீடியை விட்டவர்கள் சொல்வதுபோல.

இடப்பக்கம் நெய்தல், வலப்பக்கம் பாலை,
நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை
யார் பக்கமும் சாயாமல் போகிறது.
சீமைக் கருவேலம், கரிமூட்டப் புகை,
மறுபடி சீமைக் கருவேலம்.
"பாலைவனம்னா ஒட்டகம் வேணும்ல?"
தேவிபட்டினத்திலிருந்து நச்சரித்தான் அந்தோணிக்கண்.
கீழக்கரை தாண்டி நிஜமாகவே ஒன்று,
லாரியில் நின்றபடி,
யாரையும் மதிக்காத உதட்டோடு.
சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல்
ஜெய்லானி அண்ணன் ஹாரன் அடித்தார்.
அது திரும்பவில்லை.

ஏர்வாடிக்கு அப்பால் மணலில் ஒரு குழி.
குழிக்குள் ஒரு பெண்
ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மோந்துகொண்டிருந்தாள்.
தள்ளுவண்டியில் எட்டுக் குடங்கள், ஆறு நிறைந்திருந்தன.
ஒன்று கேட்டோம்.
"குடிக்கவா, குளிக்கவா?"
குடிக்க என்றோம்.
"அப்பக் காசு வேண்டாம்."
அன்று யாரும் குளிக்கவில்லை.

வாலிநோக்கத்தில் உப்பளம் கண்ணைப் பறித்தது.
நரிப்பையூர்ப் பக்கம்
தேரிக்குள் இறங்கினால் கடல் கிட்டே என்று
பனையேறி ஒருவர் கைகாட்டினார்.
கிட்டேதான், அவர் காலுக்கு.
என் வண்டி சிவந்த மணலில்
அச்சு வரை உட்கார்ந்துகொண்டது.
ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க
இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

மட்டை வெட்டிப் போட்டோம், தள்ளினோம்,
அந்தோணிக்கண் சாமிகளை வரிசையாகத் திட்டினான்.
டீயை முடித்துவிட்டு
ஜெய்லானி அண்ணன் குனிந்து
டயருக்குள் ஒரு குச்சியைக் குத்தினார்.
புஸ்ஸென்று காற்று.
"ரொம்ப வெறப்பா நின்னா மண்ணு முழுங்கிரும் தம்பி.
கொஞ்சம் தொங்கிப் போ."
நான்கு டயரும் தொங்கின.
வண்டி, மாமியார் வீட்டிலிருந்து எழுகிறவள் மாதிரி
மெல்ல எழுந்து வந்தது.

ஆனால் தார் ரோட்டுக்குக் காற்று வேண்டுமே.
மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு கால் பம்பு.
நிலா வர நேரமிருந்தது.
முறை வைத்து மிதித்தோம்.
ரோஸ்லின் டார்ச் பிடித்தபடி எண்ணினாள்.
முப்பது வந்ததும் "நிறுத்து" என்றாள்.
இரண்டு மூச்சு.
மறுபடி ஒன்று.
நூறு வரை போகலாமே என்றான் தம்பி.
அவள் காதில் விழவில்லை.
முப்பது. நிறுத்து. இரண்டு மூச்சு. ஒன்று.
எட்டாம் முறையோ ஒன்பதாம் முறையோ
பௌசியா புரிந்துகொண்டாள்.
டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.
எண்ணுவதை மட்டும் யாரும் வாங்கவில்லை.

விடிகாலை மூக்கையூருக்குக் கிளம்பும்போது
ரோஸ்லின் என் வண்டிக் கதவருகே வந்தாள்.
"கொஞ்சம் பின்னால படுத்துக்கட்டுமா?
பக்கத்துல உக்காந்தே போயிருக்கேன்.
படுத்தா மேல என்ன தெரியும்னு
பார்த்ததில்ல."

கண்ணாடியில் பார்த்தேன்.
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கை நீண்டு
ஒரு பழத்தைப் பிய்த்தது.
எதிரே வந்த மீன் லாரி ஒதுங்கியது.
நான் முகத்தை ஒன்றும் செய்யவில்லை.